மூடுபனிக்கு ஒரு நேர அட்டவணை

"மிஸ், கலர் ஓடுது."

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வகுப்பில் இந்தப் புகார் வராத வாரம் கிடையாது. ஓடினால்தான் அது வாட்டர்கலர். ஓடாத கலர் வேண்டுமென்றால் போஸ்டர் கலர் இருக்கிறது, அக்ரிலிக் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் சொல்வதில் நியாயம் உண்டு. எங்கே ஓடவிடலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. யூடியூபில் ஒருவர் காகிதம் முழுக்கத் தண்ணீர் பூசுகிறார், நீலத்தைத் தொட்டு வைக்கிறார், மேகம் வந்துவிடுகிறது. பின்னணியில் புல்லாங்குழல் வேறு. அதையே வீட்டில் செய்தால் மேகம் வருவதற்குப் பதில் குட்டை தேங்குகிறது.

"தண்ணீர் போகிற போக்கில் விட்டுவிடுங்கள், அதுதான் வாட்டர்கலரின் அழகு" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அப்படிச் சொல்கிற நல்ல ஓவியர்கள் யாரும் உண்மையில் அப்படி விடுவதில்லை. தண்ணீர் எங்கே போகும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த இடத்துக்குப் போகவிட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த முன்யோசனையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சேலத்தில் இருந்துகொண்டு ஏற்காட்டை வரைகிறவர்களுக்கு இது கூடுதலாக உதவும்.

ஈரக் காகிதத்தில் பிரஷ்ஷை வைக்கும்போது அங்கே இரண்டு தண்ணீர் சந்திக்கிறது. ஒன்று காகிதத்தில் ஏற்கெனவே இருப்பது, இன்னொன்று பிரஷ்ஷில் வருவது. அதிகம் இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். பிரஷ்ஷில் கலர் கெட்டியாகவும் தண்ணீர் கம்மியாகவும் இருந்தால், கலரின் ஓரம் மட்டும் இளகி, மெத்தென்று ஆகி, நின்றுவிடும். பிரஷ்ஷில் தண்ணீர் கூடுதலாக இருந்தால் அது காகிதத்தில் பாதி காய்ந்திருக்கும் கலரைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டு போய் ஓர் எல்லையில் குவித்துவிடும். காய்ந்த பிறகு அங்கே சுருள்சுருளான ஒரு விளிம்பு தெரியும். ஓவியர்கள் அதைக் காலிஃபிளவர் என்பார்கள். ஆக, விதி ஒன்றே ஒன்று: காகிதம் காயக் காய, பிரஷ்ஷிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வர வேண்டும். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

கலர் ஏன் விளிம்பில் போய்க் குவிகிறது என்பதற்குக் காரணம் மேசை மேலேயே இருக்கிறது. காப்பி சிந்திக் காய்ந்த இடத்தில் நடுவில் வெளுத்தும் ஓரத்தில் கறுத்தும் ஒரு வளையம் இருக்குமே, அதேதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1997ல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள். துளியின் ஓரம் ஓரிடத்தில் பிடித்துக்கொள்கிறது. ஓரத்தில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. போன தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. காகிதத்தில் தேங்கிய ஒவ்வொரு குட்டையும் இப்படித்தான் தனக்கு ஒரு கறுப்புக் கரை கட்டிக்கொள்கிறது. கரை வேண்டாமென்றால் குட்டையைக் காயவிடக் கூடாது. பிழிந்த பிரஷ்ஷின் நுனியால் தொட்டால் போதும், உபரித் தண்ணீரை அது உறிஞ்சிவிடும்.

பரவும் வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காய்ந்த காகிதத்தின் நுண்துளைகளில் தண்ணீர் ஊறிப் போகும் தூரம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1918ல் லூகாஸும் 1921ல் வாஷ்பர்னும் தனித்தனியாக எழுதி வைத்த சமன்பாடு இது. ஒரு சென்டிமீட்டர் ஊற ஆன நேரத்தைப் போல நான்கு மடங்கு ஆனால்தான் இரண்டு சென்டிமீட்டரை எட்டும். முன்பே நனைத்த காகிதத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் தொடக்கத்தில் பாய்ச்சல், போகப் போக நிதானம் என்பது அங்கேயும் அப்படியேதான். கலர் முதலில் பாய்வதைப் பார்த்துப் பதறி டிஷ்யூ பேப்பரை எடுக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: கொஞ்சம் பொறுங்கள், அதுவே களைத்துப்போகும்.

காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டுப் பார்க்காதீர்கள், விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை காகிதத்தைக் கெடுக்கும். பலகையோடு சேர்த்துக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் அதில் எப்படி விழுகிறதென்று பாருங்கள். ஜன்னல் கம்பிகள் அப்படியே அதில் தெரிந்தால் தண்ணீர் மேலேயே நிற்கிறது என்று அர்த்தம். இப்போது கலர் வைத்தால் அது மிதந்து திரியும், எந்த உருவமும் நிற்காது. வானத்துக்கு மட்டும் ஆகும். கம்பிகள் கலைந்து ஒரு மினுமினுப்பு மட்டும் மிச்சமிருந்தால் நல்ல நேரம் தொடங்கிவிட்டது. மேகம், தொலைவு மலை, நிழல் எல்லாம் இந்த நேரத்துக்குரியவை. மினுமினுப்பும் போய்க் காகிதம் மங்கிவிட்டால், புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோங்கள், சில்லென்று இருக்கும். உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஆபத்தான கட்டம் இதுதான். பார்ப்பதற்குக் காய்ந்த மாதிரி இருப்பதால் நம்பித் தண்ணீர்ப் பிரஷ்ஷைக் கொண்டுபோவோம், உடனே காலிஃபிளவர் பூக்கும். இந்தக் கட்டத்தில் டியூபிலிருந்து வந்த கெட்டிக் கலரைத் துணியில் ஒற்றிய பிரஷ்ஷால் வைக்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். சில்லிப்பும் போனால் முழுக்கக் காய்ந்தது, அப்புறம் கோடு கூர்மையாக நிற்கும்.

சரி, ஒரே தண்ணீர், ஒரே பிரஷ், ஒரே கலர். ஆனாலும் ஒரு காகிதத்தில் கேட்டபடி நடப்பது இன்னொன்றில் ஏன் நடப்பதில்லை? இதை எனக்கு விளங்கவைத்தவர் என் பெரியப்பா. அவருக்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமே இல்லை. அம்மாபேட்டையில் தறி வேலையில் இருந்தவர். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் இழை பிரித்துவிடும் வேலையைச் சிறுவயதிலிருந்து செய்தவர். ஒருநாள் வகுப்பு நடக்கும்போது மாடிக்கு வந்தவர், ஒரு பையனின் டிராயிங் நோட்டுத் தாளின் மூலையைக் கிழித்து நாக்கு நுனியில் வைத்தார்.

"ஒட்டுது பாரு கண்ணு. இதுக்குக் கஞ்சி பத்தல."

பக்கத்தில் இருந்த என்னுடைய பருத்திக் காகிதத்திலும் ஒரு துணுக்குக் கேட்டார். விலையை நினைத்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தேன்.

"இது ஒட்டல. இது தண்ணியை உடனே குடிக்காது, யோசிச்சுக் குடிக்கும்."

"அது கஞ்சி இல்லைங்க பெரியப்பா, ஜெலட்டின்."

"ஏதோ ஒண்ணு. வேலை அதே வேலைதானே?"

அதே வேலைதான். வெறும் நாரால் ஆன காகிதம் மையொற்றும் தாள் மாதிரி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கலரும் உள்ளே போய் மங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் காகிதத்துக்குப் பசை ஏற்றுகிறார்கள். இத்தாலியில் ஃபாப்ரியானோ ஊர்க்காரர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே தோல் கழிவைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டினைக் காகிதத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். பிரான்சின் ஆர்ஷ் காகிதத்துக்கு இன்றைக்கும் ஜெலட்டின்தான். இந்தப் பசை இருப்பதால் தண்ணீர் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கிறது, கலர் நகர்வதற்கு நேரம் கிடைக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த நேரத்தைத்தான். கலரில் மிச்சம் பிடியுங்கள், மாணவர்களுக்கான கேம்லின் டியூபே போதும். பிரஷ் ஒன்றே ஒன்று இருந்தாலும் பரவாயில்லை. காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம் வாங்குங்கள். பெரிய தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டால் அவ்வளவு வலிக்காது.

இன்னொரு விஷயம், மலையில் வீடுள்ளவர்களுக்கு. ஏற்காட்டின் மழை மாதங்களில் அலமாரியில் சும்மா இருக்கும் காகிதமே நமுத்துப்போகும். பூஞ்சை முதலில் தின்பது அந்தப் பசையைத்தான். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வானத்துக்கு நீலம் பூசும்போதுதான் அங்கங்கே திட்டுத்திட்டாகக் கலர் உள்ளே இறங்கிப் புள்ளி விழும். அப்படிப்பட்ட தாளைக் காப்பாற்ற வழியில்லை, பென்சிலுக்கு வைத்துக்கொள்ளலாம். காகிதத்தைக் கீழே சேலத்தில் வைத்திருந்து, வேண்டியதை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே கொண்டுபோவது நல்லது.

கலர்களும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. வாட்டர்கலர் என்பது வேல மரக் குடும்பத்துப் பிசினில் அரைத்த துகள்கள். துகள் பொடியாக இருந்தால் தண்ணீரோடு தூரம் போகும், கனமாக இருந்தால் விழுந்த இடத்திலேயே உட்காரும். நீலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1935 வாக்கில் சந்தைக்கு வந்த தாலோ ப்ளூவின் துகள் மிக மிக நுண்ணியது. ஈரக் காகிதத்தில் ஒரு பொட்டு வைத்தால் கண் முன்னாலேயே கிளை கிளையாக ஓடும், காகிதத்தின் நாரில் ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் போகாது. அல்ட்ராமரைன் அப்படியில்லை. 1828ல் பிரான்சில் ழான் பாப்திஸ்த் கிமே செயற்கையாகச் செய்து பரிசு வாங்கியது அது. முன்பெல்லாம் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப் பொடியும் இதே சரக்குதான். துகள் கொஞ்சம் பெரியது, காகிதத்தின் குழிகளில் இறங்கி மணல்மணலாகத் தெரியும். செருலியன் இன்னும் கனம், வைத்த இடத்தை விட்டு அதிகம் நகராது. ஒரே படத்தில் தாலோவையும் செருலியனையும் ஒரே ஈரத்தில் வைத்தால் ஒன்று ஊரைச் சுற்றும், இன்னொன்று வாசலைத் தாண்டாது. கை பழகாதவர்கள் தாலோவைக் கொஞ்ச நாள் மூடி வைப்பது நல்லது. நான் வகுப்பில் முதலில் கொடுப்பது அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மட்டும்தான். இரண்டையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல், சேர்வராயன் மலையின் மழைக்காலத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

தண்ணீரையும் சந்தேகப்படலாம். உப்புக்கள் அதிகமுள்ள கடினத் தண்ணீரில் அல்ட்ராமரைன் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இன்னும் மணல்மணலாக ஆகும். எங்கள் வீட்டில் போர் தண்ணியில் வரைந்த வானமும் மேட்டூர் தண்ணியில் வரைந்த வானமும் வேறுவேறாகத்தான் இருக்கின்றன. எது நல்லது என்று கேட்டால், பாறை வரையும்போது போர் தண்ணி, பனி வரையும்போது மேட்டூர் தண்ணி.

இனி சீதோஷ்ணம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் இரண்டுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் வரும். இருபது கொண்டை ஊசி வளைவு, சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம், அவ்வளவுதான். ஆனால் ஒரு பிரஷ்காரருக்கு அது இரண்டு வேறு தேசம். ஏப்ரல் மதியம் சேலத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால், நனைத்த காகிதத்தின் மினுமினுப்பு நான்கைந்து நிமிடம் தாங்கினாலே அதிசயம். ஒரு பக்கம் கலர் வைத்து முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். அதே காகிதத்தை ஏற்காட்டில் மூடுபனிக்குள் நனைத்தால், காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீருக்குப் போக இடமில்லை. டீ குடித்துவிட்டு, ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்தாலும் காகிதம் அப்படியே இருக்கும். போதாக்குறைக்குப் பனித்துளி வேறு மேலே விழுந்து சின்னச் சின்னக் காலிஃபிளவராகப் பூக்கும்.

ஈரக் காகிதத்தில் கலரை அடக்குவது என்றால் நேரத்தை வரிசைப்படுத்துவது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் வேலியோரம், பனி இறங்கும்போது நின்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பது இலை இலையாகத் தெரியும். நாலு மரம் தள்ளி இருப்பதில் கொடி தெரியாது, அடிமரம் மட்டும் தெரியும். அதற்கும் அப்பால் மரத்தின் உருவம் மட்டும். அதற்கும் அப்பால் ஏதோ நிற்கிறது என்று ஒரு சந்தேகம். பனி தூரத்தை விளிம்புகளாக எழுதிக் காட்டுகிறது: பக்கம் என்றால் கூர்மை, தொலைவு என்றால் கரைசல். ஈரக் காகிதமும் அதையே செய்கிறது, ஆனால் தூரத்துக்குப் பதில் நேரத்தை வைத்து. ஈரம் அதிகமிருக்கும்போது வைத்தது கரையும், காய்ந்த பிறகு வைத்தது கூராக நிற்கும்.

அதனால் வரிசை தானாக வந்துவிடுகிறது. ஜன்னல் கம்பி கலைந்த உடனே வானமும், சந்தேகமாகத் தெரியும் அந்தக் கடைசி மரங்களும். சாம்பல் கலரை நன்றாக நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள், இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு. மினுமினுப்பு குறையத் தொடங்கும்போது அடுத்த வரிசை மரங்கள், கொஞ்சம் கெட்டியாக. இங்கே சில்வர் ஓக் ரொம்ப ஒத்துழைக்கும், நேராக உயர்ந்து நிற்கும் மரம், ஒரே இழுப்பில் அடிமரம் வந்துவிடும். இரண்டு ஓரமும் இளகி ஒரு சென்டிமீட்டர் கோடு ஒன்றரையாக ஆகும், ஆகட்டும். முன்கூட்டியே மெலிதாகப் போட்டால் சரியான அளவில் வந்து நிற்கும். மினுமினுப்பு போன கையோடு மூன்றாவது வரிசை, கிட்டத்தட்ட டியூபில் இருந்து வந்த பதத்திலேயே. பிறகு எழுந்து போய்விட வேண்டும். முழுக்கக் காய்ந்து, புறங்கைக்குச் சில்லிப்பே தெரியாத நிலைக்கு வந்ததும் மிளகுக்கொடி, காப்பிச் செடியின் இலை, வேலிக் கம்பி.

எழுந்து போவதுதான் கஷ்டம். மூன்றாவது வரிசைக்கும் நான்காவது வரிசைக்கும் இடையில் கை சும்மா இருக்காது. அங்கே ஒரு தொடல், இங்கே ஒரு தொடல் என்று ஆரம்பித்து, படம் குழம்பிவிடும். நான் அந்த நேரத்தில் மாணவர்களைப் பேலட் கழுவ அனுப்பிவிடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பனி இருக்கிற ஏற்காட்டில் காகிதம் காய்வதே இல்லை. முதல் இரண்டு வரிசையும் அருமையாக வரும், மூன்றாவதும் நான்காவதும் வரவே வராது. பனி இல்லாத சேலத்தில் நான்காவது வரிசை அற்புதமாக வரும், முதல் வரிசை போடுவதற்குள் காகிதம் காய்ந்துவிடும். பனியை நேரில் பார்த்தபடி பனிப் படத்தை முடிக்க முடியாது. வெளியில் உட்கார்ந்து வரைவதையே விரதமாக வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் ஒரு டீக்கடை அண்ணன் என் தவிப்பைப் பார்த்துவிட்டு, "இப்படிக் குடுங்க மேடம், அடுப்புக்கிட்ட காட்டினா காஞ்சிரும்" என்றார். நல்ல மனதோடு சொன்னார், ஆனால் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் சூடு பட்டால் அங்கே முதலில் காயும், காய்ந்த இடத்துக்கும் ஈரமான இடத்துக்கும் நடுவில் கலர் குவிந்து கரை கட்டும். ஹேர் டிரையரும் அப்படித்தான், மினுமினுப்பு போகும் முன்னால் காட்டினால் காற்றே கலரைத் தள்ளிக்கொண்டு போகும். மினுமினுப்பு போன பிறகு, தூரத்திலிருந்து, கையை ஆட்டிக்கொண்டே காட்டினால் சரி.

நான் இப்போது செய்வது இதுதான். மேலே முதல் இரண்டு வரிசையை மட்டும் போடுகிறேன். மற்ற மரங்களுக்குப் பென்சிலில் குறிப்பு எடுத்துக்கொண்டு, படத்தைப் படுக்கை வாட்டில் வைத்துக் காயவிட்டு, கீழே கொண்டுவந்து முடிக்கிறேன். முழுக்கக் காய்ந்த படத்தை மறுபடி நனைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக. 1903ல் யொகோயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஓவியர்கள் ஜப்பானிலிருந்து கல்கத்தாவுக்கு வந்திருந்தார்கள். தாய்கான் ஈரப் பிரஷ்ஷைப் படத்தின் மேல் ஓட்டி ஓட்டி வரைவதைப் பார்த்த வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர், அதை இன்னும் ஒரு படி கொண்டுபோய்ப் படத்தையே தண்ணீரில் முக்கி எடுத்தார். காயவைப்பது, முக்குவது, மறுபடி பூசுவது. ஒட்டாத கலர் கழுவிப் போய்விடும், ஒட்டியது மெத்தென்ற ஒரு படலமாகத் தங்கும். அவரிடம் படித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் 1929ல் சென்னைக் கலைப்பள்ளிக்கு முதல்வராக வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். முக்கிய நிபந்தனை, நடுவில் முழுக்கக் காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை நனைத்தால் எல்லாம் பெயர்ந்து வரும். நனைக்கும்போது அகலமான மெத்தென்ற பிரஷ், ஒரே திசை, ஒரே தடவை.

சேலத்திலேயே முதலிலிருந்து வரைய வேண்டுமென்றால், காகிதத்தை அவசரப்படாமல் காயவைக்கும் வழி தேட வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு உட்காருங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள். காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து, ஒரு அக்ரிலிக் ஷீட் மேல் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒட்ட வையுங்கள். அடியில் இருக்கும் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லாததால் அது மேலே ஊறிக்கொண்டே இருக்கும். நான்கு நிமிடம் தாங்கிய மினுமினுப்பு கால் மணி நேரம் தாங்கும். ஓரம் காயத் தொடங்கினால் ஈரத் துணியைச் சுருட்டி ஓரத்தில் வைக்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டு கிளிசரின் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான், கூடினால் படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

பரவலை நிறுத்த இன்னொரு எளிய வழி இருக்கிறது, பலர் அதை நினைப்பதே இல்லை. காகிதம் முழுவதையும் ஏன் நனைக்க வேண்டும்? ஈரம் எங்கே முடிகிறதோ கலர் அங்கேயே நிற்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை அதைக் கரையைத் தாண்டவிடாது. ஏற்காடு ஏரியில் ஒரு படகு வரைய வேண்டுமென்றால் படகை மட்டும் காய்ந்தபடி விட்டுவிட்டுச் சுற்றிலும் தண்ணீர் பூசுங்கள். நீலம் படகைத் தொட்டு நின்றுவிடும். கலர் படாமல் மறைக்கும் மாஸ்கிங் திரவம் வாங்கிப் பூசி, காய்ந்ததும் உரித்து, உரிக்கும்போது காகிதத்தையும் கூடவே உரித்து என்கிற பாடெல்லாம் தேவையில்லை. பலகையைச் சாய்ப்பதும் நல்ல கருவி. ஒரு புத்தகத்தை அடியில் வைத்துத் தலைப்பக்கம் உயர்த்தினால் கலர் கீழ்நோக்கி மட்டும் ஓடும், மேல்விளிம்பு ஓரளவு கூர்மையாக நிற்கும், கீழே கரைந்துபோகும். மலை அடிவாரத்தில் பனி தேங்கி நிற்கும் காட்சிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உப்பு தூவுவது, ஸ்பிரிட் தெளிப்பது, பிளாஸ்டிக் உறையைக் கசக்கி மேலே ஒட்டுவது போன்ற வித்தைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். உப்புக்கல் பக்கத்தில் இருக்கும் தண்ணீரை இழுக்கும், கூடவே கலரும் வரும், காய்ந்ததும் நட்சத்திரம் மாதிரி வெள்ளைத் திட்டு தெரியும். ஸ்பிரிட் தண்ணீரின் இழுவிசையைக் குறைப்பதால் கலர் விலகி ஓடி வட்டம் விழும். முதல்முறை பார்க்கும்போது குழந்தைகள் கைதட்டுவார்கள், நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் எந்தப் படத்தில் போட்டாலும் அது உப்பு மாதிரியேதான் இருக்கும், பனி மாதிரி இருக்காது. மழை நாளில் பள்ளி விடுமுறை விட்டால் விளையாட ஆகும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். அரைக்கால் தாள் ஒன்றை நனையுங்கள். பர்ன்ட் சியன்னாவை ஒரே பதத்தில் கரைத்துக்கொண்டு, மொபைலில் டைமர் வைத்து, நிமிடத்துக்கு ஒரு கோடு, இடமிருந்து வலமாக, காகிதம் முழுக்கக் காயும் வரை போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்குக் கீழேயும் பென்சிலில் எத்தனையாவது நிமிடம் என்று எழுதுங்கள். பரந்து கரைந்த கோட்டிலிருந்து கூரான கோடு வரை வரிசையாக நிற்கும், நடுவில் ஓரிடத்தில் காலிஃபிளவரும் பூத்திருக்கும். அந்த நிமிடத்தைச் சுழித்து வையுங்கள், உங்கள் வீட்டில், உங்கள் காகிதத்தில், கைவைக்கக் கூடாத நேரம் அது. இதே பயிற்சியை மே மாதம் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை, ஏற்காடு போகும்போது ஒருமுறை செய்து, மூன்று தாளையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஃபேன் ஓடியதா இல்லையா என்பதையும் மறக்காமல் ஓரத்தில் குறித்து வையுங்கள்.